வெருலம் கட்டத்தின் பறவைப் பட்டியல்

டர்பனுக்கு வடக்கே வெருலம் ஊரில் குடியிருக்கும் எங்களுக்கு, கடிதம் வந்து சேரும் முகவரியைத் தவிர 2935_3100 என்ற இன்னொரு முகவரியும் உண்டு. தெற்கு அட்சரேகை 29 பாகை 35 நிமிடமும் கிழக்குத் தீர்க்கரேகை 31 பாகையும் வெட்டிக்கொள்ளும் புள்ளியை வடமேற்கு மூலையாக வைத்து, அங்கிருந்து தெற்கே ஐந்து நிமிடம், கிழக்கே ஐந்து நிமிடம் அளந்து வரைந்த கட்டம் அது. ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளம், 8 கிலோமீட்டர் அகலம். தென்னாப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டத்தில் இதற்குப் பென்டட் என்று பெயர். வெருலம் கடைத்தெரு, கோயில்கள், பள்ளிவாசல்கள், ரயில் பாதை, கேன்லேண்ட்ஸ் தொழிற்கூடங்கள், ஹேசல்மியர் அணை, உம்ட்லோட்டி ஆறு, இவற்றுக்கு நடுவே எங்கும் விரிந்து கிடக்கும் கரும்புக் காடுகள் ஆகிய எல்லாம் இந்த ஒரு கட்டத்துக்குள் அடக்கம். இந்தக் கட்டத்தின் பறவைகளைப் பட்டியல் எடுக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். அந்த வேலை எப்படி நடக்கிறது, அதில் நம் மக்கள் ஏன் இன்னும் அதிகமாகச் சேர வேண்டும் என்று நான் கருதுகிறேன் என்பதை விரிவாக எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

இந்த நாட்டில் பறவைகளை வரைபடமாக்கும் முயற்சி இரண்டு முறை நடந்திருக்கிறது. முதல் திட்டத்தின் களப்பணி பெரும்பாலும் 1987 முதல் 1991 வரை நடந்து, அதன் முடிவுகள் 1997-இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. இரண்டாவது திட்டம் 2007 ஜூலையில் தொடங்கி இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஃபிட்ஸ்பேட்ரிக் பறவையியல் நிறுவனம் இப்போது அதைக் கவனித்துக்கொள்கிறது. முதல் திட்டத்தில் ஒரு கட்டம் என்பது 15 நிமிடத்துக்கு 15 நிமிடம். அதை ஒன்பதாகப் பிரித்ததே இன்றைய பென்டட். கட்டம் சிறியதாகும்போது ஒரு பறவை ஆற்றங்கரையில் இருந்ததா, மலைச்சரிவில் இருந்ததா என்பது ஓரளவு துலங்கும் என்பதால் இந்த மாற்றம் செய்யப்பட்டது. ஆனால் இதனாலேயே இரண்டு காலத்துப் பட்டியல்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட முடியாது. முதல் திட்டத்தில் ஒரு பட்டியல் ஒரு மாதம் வரைகூட நீளலாம். இப்போது அது ஐந்து நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பிடுகிறவர்கள் இந்த வேறுபாடுகளை எல்லாம் கணக்கில் கொண்டுதான் ஒப்பிடுகிறார்கள்.

முறை எளிது, ஆனால் கண்டிப்பானது. ஒரு கட்டத்துக்குள் குறைந்தது இரண்டு மணி நேரம் வேறு வேலையில்லாமல் பறவைகளை மட்டுமே கவனிக்க வேண்டும். கண்ணில் பட்ட, காதில் விழுந்த ஒவ்வோர் இனத்தையும், முதலில் அறிந்த வரிசையிலேயே எழுத வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்தின் முடிவிலும் அதுவரை எத்தனை இனங்கள் சேர்ந்தன என்று குறிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் முடிந்த பிறகு, ஐந்து நாள் வரை அதே பட்டியலில் புதிய இனங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆறாம் நாள் முதல் புதுப் பட்டியல் தொடங்கலாம். இரண்டு மணி நேரம் நிறைவு செய்ய முடியாதவர்களின் பதிவுகளும் ஏற்கப்படும். ஆனால் அவை தனி வகையாக வைக்கப்படும். முன்பு இதற்கெல்லாம் தாளும் பென்சிலும் வேண்டியிருந்தன. இப்போது பேர்ட்லாசர் என்ற செயலி கைப்பேசியிலேயே நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்கிறது.

எத்தனை பறவைகள் என்று இந்தப் பட்டியலில் எண்ணுவதில்லை. நூறு தூக்கணாங்குருவிகள் பறந்தாலும் ஒரு வரி. ஒரே ஒரு மீன்கொத்தி நீர்மேல் பாய்ந்தாலும் ஒரு வரி. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, எண்ணாத பட்டியலால் என்ன பயன் என்பதுதான். பயன் பட்டியல்கள் பெருகும்போது தெரிகிறது. ஒரு கட்டத்துக்குப் பத்துப் பட்டியல்கள் வந்து, அவற்றில் ஏழில் ஒரு பறவையின் பெயர் இருந்தால், அதன் பதிவு விகிதம் 70 சதவீதம். பத்தாண்டு கழித்து அதே கட்டத்தில், அதே முறையில் எடுத்த பட்டியல்களில் அது 30 சதவீதமாக இறங்கியிருந்தால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது. அது என்ன என்பதைப் பட்டியல் சொல்லாது. ஆனால் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்று சுட்டும். செக்ரட்டரி பறவை இந்த நாட்டின் பல பகுதிகளில் குறைந்துவிட்டது என்பதற்கு இரண்டு வரைபடத் திட்டங்களின் ஒப்பீடு முக்கியமான சான்றுகளில் ஒன்றாக இருந்தது. 2020-இல் அது உலக அளவில் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது. மறுபக்கம், ஒரு காலத்தில் நாட்டின் கிழக்குப் பகுதியோடு நின்றிருந்த ஹடீடா அரிவாள் மூக்கன், மனிதர் நட்ட மரங்களையும் நீர் பாய்ச்சிய புல்வெளிகளையும் பின்தொடர்ந்து கேப் டவுன் வரை பரவியதையும் இதே பட்டியல்கள் காட்டுகின்றன.

அதனால்தான் பார்த்தவற்றுள் நமக்குப் பிடித்தவற்றை மட்டும் எழுதக் கூடாது. எல்லாவற்றையும் எழுதிய பட்டியலில்தான், எழுதப்படாத பெயருக்கும் பொருள் உண்டு. புறாவையும் சின்னானையும் விட்டுவிட்டு அரிய பறவையை மட்டும் குறிக்கிறவரின் பட்டியலில் புறா இல்லாதது, அங்கே புறா இல்லை என்பதைக் காட்டுகிறதா, அவர் எழுதவில்லை என்பதைக் காட்டுகிறதா என்று பின்னால் படிக்கிறவர் அறிய வழியில்லை.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வெருலத்தில் பிறந்து வளர்ந்தவர். கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் நான்காம் தலைமுறை. வீட்டில் பேசிய தமிழை இன்னும் விடாமல் வைத்திருப்பவர். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவன் என்பதால், என்னோடு பேசும்போது மட்டும் தமிழில் பேச முயல்வார். முதன்முறை அவர் எங்களோடு வந்தபோது, பெட்ரோல் நிலையத்துக் கூரையில் கூவிக்கொண்டிருந்த நாகணவாயைக் காட்டி, “தம்பி, இது நம்ம மைனாதானே, இதையும் எழுதணுமா?” என்று கேட்டார். “எழுதணும் அங்கிள், கட்டாயம் எழுதணும்” என்றேன். ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு டர்பனில் கூண்டிலிருந்து தப்பிய பறவைகளின் வழிவந்தவை இந்த மைனாக்கள். இன்று நாட்டின் கிழக்குப் பாதி முழுதும் பரவிவிட்டன. ஊர்க் காகமும் அப்படியே; கப்பல்களில் தொற்றிக்கொண்டு வந்து 1970-களில் டர்பனில் காணப்பட்டது. உள்ளூர்ப் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்பதால் அதைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள் டர்பனிலும் கேப் டவுனிலும் நடந்தன. அமாவாசைச் சோற்றுக்குக் காகம் வராதா என்று காத்திருக்கும் வீடுகளில் இதைச் சொல்வது எளிதில்லை. வெள்ளைக் கழுத்துப்பட்டையும் வெள்ளை மார்பும் கொண்ட இந்த மண்ணின் காகம் ஒன்று இருக்கிறது என்பதையும், அதுவும் சோற்றுக்கு வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். எப்படியானாலும், அயல் இனம் எந்த ஆண்டு எந்தக் கட்டத்தை எட்டியது என்பதும் பதிவு செய்யப்பட வேண்டிய செய்திதான்.

எங்கள் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கும். முதல் வரி பெரும்பாலும் ஹடீடாவுக்கே. தன் பெயரைத் தானே கத்திக்கொண்டு கூரைகளுக்கு மேல் பறக்கும் அதைக் கேளாமல் எங்கள் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் யாருக்கும் பொழுது விடிவதில்லை. அடுத்துக் கருந்தலைச் சின்னான், செங்கண் புறா, வீட்டு முற்றத்து மாமரத்தில் தேன்சிட்டு. அதன் பிறகு ஆற்றுப் பாலம், அணைக்கரை, கரும்புக்காட்டுப் பாதைகள், கழிவுநீர்க் குட்டைகள், தொழிற்கூடச் சுற்றுச்சுவர்கள் என்று ஒவ்வொரு வகை இடத்துக்கும் போவோம். கட்டத்துக்குள் எத்தனை வகை வாழிடங்கள் இருக்கின்றனவோ அத்தனையையும் தொட வேண்டும் என்பது முறையின் ஒரு பகுதி. அழகான இடத்தில் மட்டும் இரண்டு மணி நேரத்தையும் செலவழித்தால் கிடைப்பது அந்த இடத்தின் பட்டியல்தான். கட்டத்தின் பட்டியல் ஆகாது. கோடையில் நன்றாகச் சுற்றினால் எண்பது, தொண்ணூறு இனங்கள் சேரும். குளிர்காலத்தில் அதில் கணிசமாகக் குறையும். அந்தக் குறைந்த பட்டியலும் அதே அளவு தேவைப்படுவது. ஆனால் இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையின் விடியலில் ஆட்கள் கிடைப்பது அரிது.

கரும்புக்காட்டில் ஒன்றும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே பயிர் நிற்கும் நிலத்தில் இனங்கள் குறைவு என்பது உண்மையே. இந்தக் கடலோரக் காடுகளையும் புல்வெளிகளையும் அழித்துத்தான் கரும்பு வந்தது. ஆனாலும் அதன் ஓரங்களில் நின்று பார்க்க வேண்டும். எங்கள் கட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பறவை அங்கேதான் இருக்கிறது. நீள்கொண்டைக் கழுகு என்று நான் தமிழில் அழைக்கும் அது, உடல் முழுதும் ஏறத்தாழக் கறுப்பு; தலையுச்சியிலிருந்து நீண்டு தளர்ந்து தொங்கும் கொண்டை, சிறு காற்றுக்கும் முன்னும் பின்னும் ஆடும். தொலைபேசிக் கம்பத்தின் மேலோ, வயலோர யூகலிப்டஸ் மரத்திலோ மணிக்கணக்காக அசையாமல் அமர்ந்து, மஞ்சள் கண்ணால் கீழே புல்லை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும். எலிதான் அதன் முக்கிய உணவு. கரும்பு வெட்டிய வயலில் எலிகளுக்கு ஒளிய இடமில்லாமல் போகும் நாட்களில் அது கம்பத்திலிருந்து சிறகை விரித்து நேரே இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். விரித்த சிறகின் நுனிப்பக்கம் இரண்டு வெள்ளைத் திட்டுகள் பளிச்சென்று தெரியும், மடக்கியதும் மறைந்துவிடும். லாரி ஓட்டுநர்களும் கரும்பு வெட்டுகிறவர்களும் இந்தக் கழுகை நன்றாக அறிவார்கள். எந்தக் கம்பத்தில் அது அமரும் என்று எங்களுக்குக் காட்டியவரே ஒரு டிராக்டர் ஓட்டுநர்தான்.

பார்க்காததைக் கேட்டு எழுதுவதில்தான் உண்மையான பயிற்சி இருக்கிறது. புல்வெளியில் மறைந்து திரியும் கதிர்க்குருவி வகைகள் எல்லாம் பழுப்பு, எல்லாம் சிறியவை. உருவத்தை வைத்துப் பிரிப்பது அனுபவம் உள்ளவர்களுக்கும் கடினம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல். சிவந்த மார்புக் குயில் வந்துவிட்டது என்பதும் அதன் மூன்று சுர அழைப்பைக் கேட்டுத்தான் தெரியும்; மரத்தினுள் அதைக் கண்டவர்கள் குறைவு. இங்குள்ள தமிழ் வீடுகள் புரட்டாசி விரதம் இருக்கும் நாட்களில் அந்தக் குரல் வலுக்கத் தொடங்கும். மஞ்சள் அலகுப் பருந்து அதற்குச் சற்று முன்பே வடக்கிலிருந்து வந்து சேர்ந்திருக்கும். ஐரோப்பியப் பஞ்சுருட்டானும் தகைவிலானும் அதன் பின் வரும். நம் மாதங்களோடு சேர்த்துச் சொன்னால் வலசைக் காலம் பெரியவர்களுக்கு எளிதில் மனத்தில் நிற்கிறது என்பதைக் கண்டு, அந்த ஆசிரியர் இப்போது தமது நாட்காட்டியில் இரண்டையும் சேர்த்தே குறித்து வைக்கிறார்.

ஒரு கட்டத்தில் வழக்கமாக இல்லாத பறவையைப் பதிவு செய்தால், அந்தப் பதிவு உடனே ஏற்கப்படுவதில்லை. அந்த வட்டாரத்தின் பதிவுகளைச் சரிபார்க்கிறவர்கள் விளக்கம் கேட்பார்கள்: எவ்வளவு தொலைவில் பார்த்தீர்கள், என்ன அடையாளங்கள் கண்டீர்கள், குரல் கேட்டதா, படம் உண்டா, அதைப் போன்ற வேறு எந்த இனத்தை எப்படி விலக்கினீர்கள். சிலர் இதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு விலகிவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கேள்விகள் மிகவும் பிடித்தவை. நம் பதிவு ஒரு நாள் ஓர் ஆய்வாளரின் கையில் சான்றாக நிற்கப் போகிறது என்றால், அது கேள்விக்கு நின்று பதில் சொன்னதாக இருக்க வேண்டும். உறுதியில்லாத இனத்தை எழுதாமல் விடுவதும் அதே நேர்மையைச் சேர்ந்ததே.

எங்கள் கட்டத்துக்குக் கிழக்கே அடுத்த கட்டமான 2935_3105-இல் மவுண்ட் மோர்லண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள நாணல் சதுப்பில், கோடைக்கால மாலைகளில் ஐரோப்பாவிலிருந்து வந்த தகைவிலான்கள் தங்க வந்தன. அவற்றின் எண்ணிக்கை முப்பது லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. பொழுது சாயும் நேரத்தில் வானம் முழுதும் புள்ளிகளாக நிறைந்து, இருட்டுவதற்குச் சற்று முன் எல்லாம் ஒன்றாகச் சுழன்று நாணலுக்குள் கொட்டும். பறவை வரைபடப் பட்டியலில் அந்த லட்சங்களுக்கும் ஒரே வரிதான். அந்தச் சதுப்பின் அருகில் புதிய விமான நிலையம் அமையப் போகிறது என்று அறிவித்தபோது, பட்டியலோடு நிற்காமல் மாலைதோறும் அங்கே போய்ப் பார்த்து எழுதி வைத்தவர்களின் குறிப்புகளே சதுப்பைக் காக்க வேண்டும் என்ற வாதத்துக்கு வலு சேர்த்தன. 2010 மே மாதம் கிங் ஷாகா பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டபோது, தகைவிலான் கூட்டத்தின் நகர்வைக் கண்காணிக்க ரேடாரும் அங்கே நிறுவப்பட்டிருந்தது. சதுப்பு நிரப்பப்படாமல் நின்றது. ஊர்க்காரர்கள் எழுதி வைத்த குறிப்பு ஒன்று இத்தனை பெரிய திட்டத்தின் மேசை வரை போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் வட்டாரத்தில் இல்லை.

மவுண்ட் மோர்லண்ட் சதுப்பு நிலத்தில்தான் பிக்கர்ஸ்கில் நாணல் தவளையும் வாழ்கிறது. குவாசூலு-நேட்டால் கடலோரத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருப்பது. கட்டைவிரலின் மேல் கணு அளவே இருக்கும். பெண் பெரும்பாலும் இளம்பச்சை. ஆண் பழுப்பு நிறத்தில், பக்கவாட்டில் வெளிர் கோட்டோடு இருக்கும். அதைத் தேடும் இரவுக் கணக்கெடுப்பு பறவைக் கணக்கெடுப்பைவிட வேறு வகையான பொறுமையைக் கேட்கிறது. மழை பெய்து ஓய்ந்த வெப்பமான இரவில், முழங்கால் வரை ரப்பர் காலணி போட்டு, சதுப்பின் ஓரத்தில் எல்லாரும் விளக்கை அணைத்துவிட்டு நிற்க வேண்டும். வண்ண நாணல் தவளைகள் சீழ்க்கை அடிப்பதைப் போல உரக்கக் கத்திக்கொண்டே இருக்கும்; வேறு தவளைகளின் குரல் அதன் மேல் ஏறும். அவற்றுக்கெல்லாம் அடியில், நாணலின் நடுவிலிருந்து, பூச்சி ஒன்று விட்டு விட்டு முனகுவதைப் போன்ற மெல்லிய கிறீச்சொலி ஒன்று வரும். அது நின்றுவிட்டால் மறுபடி தொடங்கப் பல நிமிடங்கள் ஆகலாம். கைப்பேசியை நாணலுக்குள் நீட்டி அந்த ஒலியைப் பதிவு செய்வதுதான் வேலை. தவளையைக் கையால் பிடிக்கவோ, நாணலை மிதித்து உள்ளே போகவோ கூடாது. அடர்ந்து நிற்கும் செடிகளும் அடியில் தேங்கிய ஆழமில்லாத நீரும்தான் அதன் வீடு. ஒலிப்பதிவு, இடம், நேரம் ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு பதிவு முழுமை பெறும்.

நீர்ப்பறவைகளுக்கென்று தனிக் கணக்கெடுப்பு 1992 முதல் நடந்து வருகிறது. அதில் எண்ண வேண்டும். கோடையின் நடுவில் ஒரு முறையும் குளிர்காலத்தின் நடுவில் ஒரு முறையும், நாடெங்கும் நூற்றுக்கணக்கான ஏரிகளிலும் கழிமுகங்களிலும் தன்னார்வலர்கள் நின்று, ஒவ்வோர் இனத்திலும் எத்தனை என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் இருந்தபோது பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்ததால், இங்கே ஜனவரியில் தொலைநோக்கியோடு கழிமுகத்தில் நிற்பது எனக்கு வெகு தொலைவில் வந்துவிட்ட உணர்வைத் தரவில்லை. டர்பனில் உம்கெனி ஆற்றின் முகத்தில், அலையாத்திக் காட்டுக்கு எதிரே நீர் வடியும் நேரத்தில், சேற்றுத் திட்டுகளில் உள்ளான்களும் கொக்குகளும் கரண்டிவாயன்களும் இரை தேடும். நீர் ஏறிவிட்டால் எல்லாம் இடம் மாறிவிடும். அதனால் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்துத்தான் நேரம் குறிக்கிறோம். கூட்டமாக நிற்கும் ஆலாக்களை ஒருவர் இடமிருந்தும் ஒருவர் வலமிருந்தும் எண்ணி, இரண்டும் பொருந்தாவிட்டால் மறுபடி எண்ணுவோம்.

இந்த எண்ணிக்கைகளின் அருமை 2021-இல் எல்லாருக்கும் புரிந்தது. அந்த ஆண்டு ஜூலையில் இங்கே நடந்த கலவரத்தின்போது, டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு அருகே கோர்னூபியாவில் வேளாண் இரசாயனங்கள் வைத்திருந்த ஒரு கிடங்கு தீக்கிரையானது. நச்சு கலந்த நீர் ஓடையில் இறங்கி, ஓலாங்கா ஆற்றின் கழிமுகத்தை அடைந்தது. மீன்கள் செத்து மிதந்தன. வடக்குக் கடற்கரைகள் மூடப்பட்டன. எத்தனையோ நாள் அந்த நாற்றம் சுற்றுவட்டார வீடுகளில் நின்றது. அப்போது எல்லாரும் கேட்ட கேள்வி, இதற்கு முன்பு இங்கே என்னென்ன இருந்தன என்பது. தீ எரிந்த மறுநாள் அதற்குப் பதில் தேடிப் போக முடியாது. அமைதியான ஆண்டுகளில், எந்தக் காரணமும் இல்லாமல், வழக்கமாகப் போய் எழுதி வைத்தவர்களின் பட்டியலில்தான் அந்தப் பதில் இருக்கும். ஃபீனிக்ஸில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த ஆறு பக்கத்து ஆறு. அதன் கரையில் எந்தப் பறவை எந்த மாதத்தில் இருந்தது என்பதைத் தொலைவிலிருந்து வரும் யாரையும்விட அந்த மக்களால் நன்றாகச் சொல்லியிருக்க முடியும். எழுதி வைக்கும் பழக்கம் மட்டும் இருந்திருந்தால்.

பழக்கம் இல்லாமல் போனதற்கு வரலாறு உண்டு. முதல் வரைபடத் திட்டம் தொடங்கிய 1987-இல் இந்த நாட்டில் இன ஒதுக்கல் சட்டங்கள் நடப்பில் இருந்தன. டர்பன் கடற்கரைகளே நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. குடியிருப்புப் பகுதிச் சட்டத்தால் சொந்த வீடுகளிலிருந்து பெயர்க்கப்பட்டுச் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கொண்டுவிடப்பட்ட மக்களுக்குத் தொலைநோக்கியோடு கழிமுகத்தில் நிற்பது யாரோ வேறு மக்களின் பொழுதுபோக்காகவே தெரிந்தது. ஆசிரியர் ஒரு நாள் அணைக்கரையில் நின்றுகொண்டு, தமது இளமையில் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போவார்கள், பூசைக்குப் போவார்கள், பறவை பார்க்க என்று யாரும் போனதில்லை என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நாட்டின் வரைபடத்தில் பட்டியல்கள் குவிந்திருக்கும் இடங்களையும் மெலிந்திருக்கும் இடங்களையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வரும். காப்புக்காடுகளும் விடுமுறை விடுதிகளும் உள்ள கட்டங்களுக்குப் பட்டியல்கள் மலைபோலச் சேர்கின்றன. ஒரு கட்டத்துக்குள்ளேயே பூங்காவுக்கு இருபது பேர் போகிறார்கள். குடியிருப்புக்குப் பின்னால் உள்ள ஓடைக்கு யாரும் போவதில்லை. பறவைகளின் வரைபடம் என்று நாம் நம்புவது, பறவை பார்ப்பவர்கள் எங்கே போனார்கள் என்பதன் வரைபடமாகவும் இருக்கிறது. அந்த ஓடைக்கு நாம் போனால்தான் இது திருந்தும்.

பறவைகளைத் தவிர மற்ற உயிர்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையத் தளம் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சி, சிலந்தி, காளான், முற்றத்துக் களைச்செடி என்று எதையும் படமெடுத்து ஏற்றலாம். பெயர் தெரியாவிட்டாலும் குறையில்லை. அறிந்தவர்கள் வந்து பெயர் சொல்வார்கள், வேறொருவர் அதைச் சரிபார்ப்பார். பிள்ளைகளுக்கு இதுதான் ஏற்ற நுழைவாயில். ஒன்றை மட்டும் பெற்றோர் கற்றுக்கொடுக்க வேண்டும்: எல்லாவற்றின் இடத்தையும் வெளியிடக் கூடாது. இந்த நாட்டில் சைகாட் எனப்படும் பனைபோன்ற பழங்காலத் தாவரங்களைத் தோண்டி விற்கும் திருட்டு பெரிய தொழிலாக நடக்கிறது. 1895-இல் ஓங்கோயே காட்டில் ஒரே ஒரு ஆண் செடியாகக் கண்டுபிடிக்கப்பட்ட வுட் சைகாட்டுக்கு இன்றுவரை பெண் செடி கிடைக்கவில்லை. அதன் வழிவந்த செடிகளை டர்பன் தாவரவியல் பூங்காவில் காணலாம். இத்தகைய இனங்களுக்கு அந்தத் தளமே சரியான இடத்தை மறைத்துவிடுகிறது. ஆனால் நாம் வாட்ஸாப்பில் அனுப்பும் படத்துக்கு அந்தக் காப்பு இல்லை. கழுகின் கூட்டுக்கும் நாணல் தவளையின் குட்டைக்கும் இதே எச்சரிக்கையைக் கடைப்பிடிக்கிறோம்.

புதிதாகச் சேர விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். தனியாகப் போகாதீர்கள், ஆற்றோரங்களுக்கும் கரும்புப் பாதைகளுக்கும் குறைந்தது மூன்று பேராகப் போவதே இங்கே பாதுகாப்பு. கரும்புத் தோட்டங்கள் தனியார் நிலம். முன்கூட்டி அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கரும்பு எரிக்கும் நாட்களில் அந்தப் பக்கம் போக வேண்டாம். நீண்ட கால்சட்டையும் மூடிய காலணியும் அவசியம். உண்ணிக் காய்ச்சல் இங்கே உண்மையான தொல்லை. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரணத் தொலைநோக்கி போதும், அதுவும் முதலில் இரவல் வாங்கிக்கொள்ளலாம். தொடக்கத்தில் முப்பது பறவைகளை உறுதியாக அறிந்தாலே, அனுபவம் உள்ள ஒருவரோடு சேர்ந்து முழுப் பட்டியல் எடுக்கலாம்.

இந்தக் குளிர்காலத்தில் எங்கள் கட்டத்துக்கும், வடகிழக்கே டொங்காட் ஊர் அடங்கிய 2930_3105 கட்டத்துக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாதம் ஒரு முழுப் பட்டியலாவது எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். டொங்காட் ஆற்றின் மேல்பக்கத்திலும் செங்கல் சூளைக்குப் பின்னாலுள்ள குட்டையிலும் காலையில் நிற்க ஆட்கள் வேண்டும். அந்தப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. சனிக்கிழமைகளில் ஐந்தரைக்குக் கிளம்புகிறோம். கோயில் பூசைக்குப் போக வேண்டியவர்கள் எட்டரைக்குள் திரும்பிவிடலாம்.